அண்ணியின் இரண்டு மாமியார்கள்

பெற்றோர் வைத்த பெயர் அவளுக்கும் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டில் மாதா மாதம் அது பிழையில்லாமல் அச்சாகி வந்தது. ஆனால் அந்தக் கட்டடத்தில் யாரும் அதை வாயால் சொன்னதில்லை. எல்லோருக்கும் அவள் அண்ணி.

அதற்குக் காரணம் அவளுடைய கொழுந்தன். அவனுக்கு அதே கட்டடத்தில் கேபிள் இழுக்கும் வேலை. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், "அண்ணி, சாப்பாட்டு டப்பாவ வண்டியிலயே விட்டுட்டீங்க" என்று வாசலிலிருந்தே கூவிக்கொண்டு வந்தான். வரவேற்பு மேஜைப் பெண் அதைக் கேட்டாள். அண்ணிக்கு ஒரு அடையாள அட்டை போட வேண்டும் என்று காவலாளியிடம் சொன்னாள். காவலாளி மின்சாரப் பிரிவில் சொன்னார். ஒரே வாரத்தில், அவளுடைய அப்பா வயதிலிருந்த மேனேஜரே, "அண்ணி, ரிப்போர்ட் ரெடியா?" என்று கேட்கும் நிலைமை வந்துவிட்டது. மேனேஜருக்கு அவள் அண்ணி என்றால் அவருடைய அண்ணன் யார் என்று கொழுந்தன் கேட்டுவிட்டுச் சிரித்தான். வீட்டில் ஒருவன் மட்டும் சொல்ல வேண்டிய சொல், கேட்டவர் வாயிலெல்லாம் ஏறி ஊர் சுற்றிவிட்டது.

அண்ணி பார்த்த வேலையும் இதே சங்கதிதான்.

அது ஒரு இணைய எக்ஸ்சேஞ்ச். வீட்டுக்கு வீடு இணையம் கொடுக்கும் சின்னக் கம்பெனிகள், செல்பேசிக் கம்பெனிகள், பெரிய நிறுவனங்கள் எல்லாம் ஆளுக்கொரு கேபிளை அந்தக் கட்டடத்துக்குக் கொண்டுவந்து ஒரே இடத்தில் செருகியிருந்தன. இந்தத் தெருவில் ஒரு கம்பெனி, அடுத்த தெருவில் இன்னொரு கம்பெனி என்றால், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு அனுப்பும் படம் கடல் தாண்டிச் சுற்றி வராமல் இங்கேயே கைமாறிப் போய்விடும். அதற்காக ஒவ்வொரு கம்பெனியும், இன்னின்ன முகவரிகளுக்கு என் வழியாக வரலாம் என்று எக்ஸ்சேஞ்சின் நடுக்கருவியிடம் சொல்லி வைக்கும். நடுக்கருவி அதை மற்ற எல்லோருக்கும் சொல்லும். ஏற்பாடு அவ்வளவுதான். நிபந்தனை ஒன்றே ஒன்று. இங்கே கேட்டதைத் தனக்குச் சந்தா கட்டும் வாடிக்கையாளரிடம் மட்டும் சொல்லலாம். தான் சந்தா கட்டும் பெரிய கம்பெனியிடமோ, சரிசமமான வேறொரு கம்பெனியிடமோ போய் ஒப்பிக்கக் கூடாது.

ஒப்பித்தால், ஓ, இவன் வழியாகவும் போகலாம் போலிருக்கிறதே என்று ஊரார் போக்குவரத்தெல்லாம் அந்தச் சின்னக் கம்பெனியின் ஒல்லிக் கேபிளுக்குள் வந்து விழும். கல்யாண ஊர்வலத்தைக் குளியலறை வழியாகத் திருப்பிவிட்ட மாதிரி. அந்தத் தொழிலில் இதை ரூட் லீக் என்பார்கள். கெட்ட எண்ணத்தோடு செய்கிறவர்கள் அபூர்வம். பெரும்பாலும் யாரோ எங்கேயோ ஒரு வரி எழுத மறந்திருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க அண்ணி ஒரு ப்ரோக்ராம் எழுதியிருந்தாள்.

அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தவனும் கொழுந்தன்தான். நாள் முழுக்க வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். யார் எந்த வழியாக வந்தார்கள், ஏன் அந்த வழியாக வந்தார்கள் என்று கேட்கும். சரியில்லை என்று பட்டால் ஊரைக் கூட்டிவிடும். பெயர் ஒட்டிக்கொண்டது. உறுப்பினர் கம்பெனிகளிலிருந்து போன் பேசுகிறவர்கள்கூட, "காலையிலிருந்து மாமியார் எங்க மேல கோவமா இருக்காங்க போல" என்று தயங்கித் தயங்கி ஆரம்பிப்பார்கள்.

இந்த வேலைக்கு வருமுன் அண்ணி ஒரு இணையக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுத்துக்கொண்டிருந்தவள். "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பதை அவள் சொன்ன தடவைக்குக் கணக்கில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டும் அவள் கணவர், வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் இன்றைக்கும் அதே குரலில் அதைச் சொல்லிக் காட்டுவார். அங்கே அவளை அரித்தது ஒன்றுதான். புகார் சொன்னவர் வீட்டிலும் கோளாறு இல்லை, கம்பெனியிலும் கோளாறு இல்லை என்றால் கோளாறு எங்கேதான் இருக்கிறது? மேலதிகாரிகள், அதெல்லாம் வெளியே என்று கையை ஆட்டிவிடுவார்கள். அந்த வெளியே எங்கே என்று பார்த்துவிட வேண்டும் என்றுதான் மாலை வகுப்பில் டிப்ளமோ படித்தாள், எக்ஸ்சேஞ்சுக்கு விண்ணப்பம் போட்டாள், வந்து உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகு அவளுக்கு அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனம் வருவதில்லை. ஒவ்வொரு வழியோடும் அது கடந்து வந்த கம்பெனிகளின் பெயர்கள் சங்கிலியாகக் கோத்து வரும். நல்ல சங்கிலி மாடிப்படி ஏறி இறங்கிய மாதிரி இருக்கும். சின்னக் கம்பெனியிலிருந்து பெரியதற்கு ஏறும், மேலே பக்கத்து வீட்டுக்கு ஒரு எட்டு, பிறகு இறக்கம். இறங்க ஆரம்பித்தது மறுபடி ஏறினால் நடுவில் யாரோ ஒப்பித்திருக்கிறார்கள். ஆனால் யார் மாடியில், யார் கீழே, யார் சரிசமம் என்று எந்தக் கம்பெனியும் வாயைத் திறந்து சொல்லாது. அது ஒப்பந்த ரகசியம். ஆகவே வந்துபோகும் சங்கிலிகளைப் பார்த்துப் பார்த்து மாமியார் ஊகிக்கும். அந்த ஊகம் பலிக்கிற நாளில் அண்ணிக்கு, பூட்டிய அறையைச் சாவித்துவாரத்தில் பார்த்தே உள்ளே இருக்கும் நாற்காலிகளை எண்ணிச் சொன்ன மகிழ்ச்சி.

பலிக்காத நாள்களும் இருந்தன. எக்ஸ்சேஞ்சில் சரிசமமாகத் தோளில் கை போட்டு நிற்கும் இரண்டு கம்பெனிகள், வேறொரு ஊரில் ஒன்று மற்றதற்குச் சந்தா கட்டுவதாக இருக்கும். மாமியாருக்கு அது தெரியாது. "ஐயோ, கீழே இறங்கினவள் மறுபடி மாடி ஏறுகிறாளே" என்று எல்லா உறுப்பினர்களுக்கும் மெயில் அனுப்பிவிடும். ஆளுக்கு ஆள் எழுந்து ஓடிப் போய்ப் பார்ப்பார்கள், ஒன்றும் இருக்காது. புலி வருது கதையாகி, சில கம்பெனிகளில் மாமியார் மெயிலைத் திறக்காமலேயே குப்பைக்கு அனுப்பினார்கள்.

கடைசியில் அது கை வைத்தது கோட்டு மேல்.

கோட்டு என்பது உறுப்பினர்களிலேயே மிகப் பெரிய கம்பெனியின் நெட்வொர்க் தலைவர். ஏ.சி. கெட்டுப்போய் மற்றவர்கள் காகிதத்தால் விசிறிக்கொண்ட நாளிலும் கோட்டைக் கழற்றாதவர். மரியாதையானவர், சிரிக்கமாட்டார். அவருடைய கம்பெனி இன்னொரு பெரிய கம்பெனியோடு சத்தமில்லாமல் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தது. அதை நல்ல நாள் பார்த்து அறிவிப்பதாக இருந்தார்கள். அதற்குமுன் மாமியார் அந்தப் புது வழியைப் பார்த்து, லீக், லீக் என்று ஊருக்கெல்லாம் எழுதிவிட்டது. லீக் இல்லை என்பதை நிரூபிக்கக் கோட்டு ஒப்பந்தத்தையே ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அடுத்த உறுப்பினர் கூட்டத்துக்கு அவர் ஒரு தீர்மானம் அனுப்பினார். மாமியாரை நிறுத்திவிட வேண்டும். அந்த மெயிலுக்கு அவர் வைத்திருந்த தலைப்பிலும் மாமியார் என்றே இருந்தது, வேறு பெயர் அவருக்கும் தெரியவில்லை.

மேனேஜர் அண்ணியைக் கூப்பிட்டு, ரொம்ப நேரம் பேனாவைத் திருகிவிட்டு, தீர்மானம் நிறைவேறிவிட்டால் கண்காணிப்பு என்று தனியாக ஒரு வேலை இருக்காது, புது இணைப்பு கேட்டு வருகிறவர்களுக்குப் போனில் பதில் சொல்லும் இடத்துக்குத்தான் மாற்ற முடியும் என்றார். சம்பளம் குறையாது என்று சேர்த்துக்கொண்டார். அண்ணி தலையாட்டிவிட்டு வந்தாள். மறுபடியும் போனா என்று நினைத்ததும் காதிலே பழைய ஹெட்போன் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி அரித்தது.

வீட்டில் அன்றைக்குச் சாப்பிடும்போது கொழுந்தன் செய்தியை அவிழ்த்துவிட்டான். "வெள்ளிக்கிழமை மாமியாரை நிறுத்தப் போறாங்கம்மா."

சமையலறையிலிருந்து அத்தை கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். அத்தை என்றால் அண்ணியின் நிஜ மாமியார். "யாரை, என்னையா? எங்க கொண்டுபோய் நிறுத்தப் போறீங்க?"

அதுவரை அந்தப் பெயர் அவள் காதுக்கு எட்டாமல் வீட்டில் எல்லோரும் கட்டிக் காத்து வந்தார்கள். இனி மறைக்க வழியில்லை. அண்ணி மென்று விழுங்கி முழுக் கதையையும் சொன்னாள். அத்தை கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், நின்று நிதானமாகக் கேட்டாள்.

"அது கத்துறது சரியா இருக்குமா?"

"சில நாள் சரியா இருக்கும் அத்தை."

"அப்ப என் பேர வைக்காதீங்க. நான் கத்தினா சரியாத்தான் இருக்கும்."

கணவர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்துப் புரையேறினார்.

அந்தப் பேச்சு அடங்குவதற்குள் வேறொரு விசாரணை தொடங்கிவிட்டது. கொழுந்தன் தன் நண்பன் வீட்டிலிருந்து ஒரு டப்பா நிறைய பிஸ்கட் வாங்கி வந்திருந்தான். அத்தை பிஸ்கட்டைத் தட்டில் கொட்டினாள், டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தாள், வெற்றியோடு எல்லோருக்கும் காட்டினாள். அடியில் ஒரு சிவப்புப் பொட்டு. நகப்பூச்சு. இந்த வீட்டிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் அத்தை அதை வைத்துத்தான் அனுப்புவாள். இந்த டப்பாவை அவள் கொடுத்தது எதிர் வீட்டுக்காரிக்கு. அது எப்படி ஊரின் மறு கோடியில் இருக்கும் இவன் நண்பன் வீட்டுக்குப் போயிற்று?

கடையில் இதே மாதிரி டப்பா ஆயிரம் இருக்கும் என்றான் கொழுந்தன். எதிர் வீட்டம்மாவும் நண்பனுடைய அம்மாவும் ஒரே இடத்தில் வேலை பார்க்கிறார்களோ என்னவோ என்றாள் அண்ணி. இருவருக்கும் யோகா வகுப்பில் பழக்கமாக இருக்கலாம் என்றார் கணவர். ஆளாளுக்கு ஊகித்துக்கொண்டே போக, அத்தைக்குப் பொறுமை போயிற்று.

"யாரு யாரோட பழகுறாங்கன்னு எனக்கெதுக்குப்பா? நான் வச்ச பொட்டு எனக்கே திரும்பி வந்திருக்கு. அவ்வளவுதான் விஷயம்."

அண்ணி பிஸ்கட்டைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். எரிச்சலாக இருந்தது. பொட்டு வைக்கும் முறை அவளுக்குப் புதிதில்லை. எக்ஸ்சேஞ்ச் தான் கொடுக்கும் ஒவ்வொரு வழியிலும் ஒரு அடையாளத்தைத் தடவி அனுப்பலாம், அந்த அடையாளத்தோடு ஏதாவது திரும்பி எக்ஸ்சேஞ்சுக்கே வந்தால் யாரோ ஒப்பித்துவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ளலாம், யார் யாருக்குச் சந்தா கட்டுகிறார்கள் என்று தெரிய வேண்டியதே இல்லை என்பதையெல்லாம் அவள் படித்துத்தான் இருந்தாள். படித்துவிட்டு, இதில் என்ன சுவாரஸ்யம் என்று மூடி வைத்தாள். சாவித்துவாரத்தில் பார்ப்பதை விட்டுவிட்டுக் கதவில் மணி கட்டுவதா என்ற வீம்பு. தன் கெட்டிக்காரத்தனத்துக்குக் கோட்டு பலியானார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் மேனேஜரிடம் போய், வெளியே போகும் வழிகளுக்கு இப்படி அடையாளம் வைக்கலாமா என்று கேட்டாள். அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். வெள்ளிக்கிழமை வரை எதையும் தொட வேண்டாம், எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்ற வேண்டாம் என்றார். இது எண்ணெய் இல்லை, பொட்டு வைக்கிற மை என்றாள் அண்ணி. வழிக்கு ஒரு சேதமும் வராது. மையைப் பற்றித் தெரியாத பழைய கருவிகூட அதைத் துடைக்காமல் அப்படியே சுமந்துகொண்டு போகும். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மேனேஜர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மெயில் போகுமா?" போகாது என்றாள். மெயில் அனுப்பும் பகுதியை அவள் காலையிலேயே நிறுத்திவிட்டிருந்தாள். "அப்ப சத்தம் வராம பண்ணிக்குங்க" என்றார் அவர், சொந்த அலுவலகத்திலேயே குரலைத் தாழ்த்தி.

அன்று மாலையே எக்ஸ்சேஞ்சிலிருந்து வெளியே போன எல்லா வழிக்கும் பொட்டு வைத்தாயிற்று. பிறகு அண்ணி காத்திருந்தாள். ஒன்றும் திரும்பி வரவில்லை. மாமியார் பல் வலிக்காரி மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒன்றுமே நடக்காததால் கூட்டத்தில் காட்டுவதற்கும் ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை கூட்டம் மேல்மாடி அறையில். நீள மேஜை, சுவரில் திரை. வெளியூரில் இருந்தவர்கள் திரையில் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் கோட்டுவின் மேலதிகாரியும் ஒருவர். அண்ணி கடைசி நாற்காலியில் மடிக்கணினியோடு ஒடுங்கிக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் அவளைப் பார்த்துத் தைரியமாக இரு என்பது போல் கண்ணை மூடித் திறந்தார். அவரை எல்லோரும் சாது என்பார்கள். இரண்டு மூன்று தெருக்களுக்கு இணையம் கொடுக்கும் மிகச் சின்னக் கம்பெனியின் முதலாளி. மாமியாரின் மெயிலைத் தவறாமல் திறந்து படித்து, நன்றி என்று பதிலும் எழுதும் ஒரே ஆள்.

கோட்டு எழுந்து பேசினார். குரலில் சூடு இல்லை. அது அண்ணிக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"தப்பு நடந்தா சொல்லட்டும், வேண்டாங்கல. எங்க வீட்டுக் கல்யாணத்த நாங்க சொல்றதுக்கு முன்னாடி உங்க மாமியார் ஊருக்கே பத்திரிகை வச்சுட்டாங்க. அதுவும் கல்யாணம்னு சொல்லல, ஓடிப் போயிட்டாங்கன்னு சொல்லிட்டாங்க."

மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அண்ணிக்கும் சிரிப்பு வந்தது, அவர் சொன்னது அத்தனையும் நியாயம் என்பதால் அது உதட்டோடு நின்றது.

அடுத்து திரையில் இருந்த மேலதிகாரி பேசத் தொடங்கினார். "நான் கேக்கறது ஒண்ணுதான், இந்த ப்ரோக்ராம் நமக்கு..." என்றவர் அப்படியே நின்றுவிட்டார். வாய் பாதி திறந்திருந்தது, ஒரு கண் மூடியும் ஒரு கண் திறந்தும் இருந்தது. மற்றக் கட்டங்களும் ஒவ்வொன்றாக உறைந்தன. ஒருவர் தும்மலின் நடுவில் மாட்டிக்கொண்டார். மேனேஜர் எழுந்து போய்த் திரையின் கம்பியை ஆட்டினார். யாரோ ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார்கள்.

அப்போது அண்ணியின் மடிக்கணினியில் ஒரு வரி சிவப்பாக வந்தது. அதன் கீழே இன்னொன்று. பிறகு கொத்துக் கொத்தாக.

பொட்டு திரும்பி வந்திருந்தது. எந்த வாசல் வழியாக என்று பார்த்தாள். கோட்டுவின் கேபிள் செருகியிருந்த போர்ட்.

மறுபடியும் இதே மனிதர், அதுவும் இப்போது, இந்த அறையில். இது தவறாகப் போனால் மாமியாருக்கு இந்த மேஜையிலேயே கருமாதி. ஊகமாக இருந்திருந்தால் அவள் கணினியை மூடிவிட்டு உட்கார்ந்திருப்பாள். ஆனால் இதில் ஊகிக்க ஒன்றும் இல்லை. அவள் கையால் வைத்த பொட்டு. சங்கிலியைப் படித்தாள். எக்ஸ்சேஞ்சிலிருந்து சாது, சாதுவிடமிருந்து கோட்டு, கோட்டுவிடமிருந்து மறுபடி எக்ஸ்சேஞ்ச். நிமிர்ந்து பார்த்தாள். சாது மறுபடியும் கண்ணை மூடித் திறந்து தைரியம் சொன்னார்.

மேனேஜர் கம்பியை ஆட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அறைக்கே தெரிந்துவிடும். மாமியாரை நிறுத்தச் சொன்னவரின் வாசலிலேயே கையும் களவுமாகப் பிடித்த மாதிரி ஆகும். அந்த ஆசை அவளுக்கு ஒரு கணம் வரத்தான் செய்தது. பிறகு கணினியைக் கையில் எடுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றிப் போய்க் கோட்டுவின் நாற்காலிப் பக்கம் குனிந்தாள்.

"சார், இது உங்களுக்கு மட்டும்."

அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மறுபடியுமா?"

"மறுபடியும்தான். இந்தத் தடவ ஊகம் இல்ல சார். நாங்க வச்ச அடையாளம், உங்க வழியா எங்ககிட்டயே திரும்பி வந்திருக்கு. உங்க சங்கிலியில இதுவரைக்கும் வராத ஒருத்தர்கிட்டேருந்து வாங்கியிருக்கீங்க."

கோட்டு சங்கிலியை விரலால் தொட்டுப் படித்தார். சாதுவின் கம்பெனிப் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. உறைந்துபோன தன் மேலதிகாரியை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அறையில் கிசுகிசு கிளம்பியது. அண்ணி ஏதோ சொல்லிக் கோட்டு கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார் என்று முதல் நாற்காலியில் ஆரம்பித்த பேச்சு, கடைசி நாற்காலிக்கு வருவதற்குள் அவர் உறுப்பினர் பதவியையே விட்டுவிட்டார் என்று ஆகியிருந்தது. மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் சிவப்பு வரிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. தும்மியவர் தும்மி முடித்தார். மேலதிகாரியின் இரண்டு கண்ணும் திறந்தன. "...தேவையே இல்லைன்னுதான் எனக்குத் தோணுது" என்று அவர் வாக்கியத்தை முடித்தார்.

கோட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். மேனேஜர் தொண்டையைச் செருமி, அப்படியானால் தீர்மானத்தை ஓட்டுக்கு விடலாமா என்று கேட்டார். நடந்தது என்னவென்று அந்த அறையில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் வாயைத் திறந்தால் மாமியார் பிழைக்கும். அண்ணி மடிக்கணினியை மூடி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். அவருக்கு மட்டும் என்று சொல்லிக் கொடுத்தாயிற்று. அதை எடுத்துத் தன் வழக்குக்குச் சாட்சியாக்க அவளுக்கு மனம் வரவில்லை. போன் வேலைக்குப் போனால் போகட்டும், சம்பளம் குறையாது என்று மேனேஜர் சொன்னதை நினைத்துப் பார்த்தாள். அது ஒன்றும் ஆறுதலாக இல்லை.

கைகள் எழத் தொடங்கின. நிறுத்தலாம் என்று ஒன்று, இரண்டு, அப்புறம் தயங்கித் தயங்கி இன்னும் சில. எல்லோரும் கோட்டுவின் கை எங்கே என்று பார்த்தார்கள். அது மேஜை மேலேயே இருந்தது.

"கொஞ்சம் இருங்க" என்றார் அவர். "இப்ப வீடியோ நின்னது யாராலன்னு நினைக்கிறீங்க? எங்களாலதான். புது வாடிக்கையாளர் ஒருத்தருக்கு இன்னிக்குக் காலையில லைன் குடுத்தோம். அவர் சொல்றதையெல்லாம் நம்பாத மாதிரி ஒரு வடிகட்டி போடணும். நாளைக்குப் போட்டுக்கலாம்னு எங்க ஆளுங்க கதவத் திறந்தே வச்சுட்டாங்க. அவர் இந்த எக்ஸ்சேஞ்ச் முழுக்க என் வீடுதான்னு சொல்லியிருக்காரு. நாங்களும் சரின்னு எல்லார் போக்குவரத்தையும் அவர் வழியா அனுப்பிட்டோம். இந்தம்மா வந்து சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாது."

அந்த வாடிக்கையாளர் யார் என்று ஒருவர் கேட்டார். அது தேவையில்லாத விஷயம் என்றார் கோட்டு. அதற்குள் எதிர் நாற்காலியில் ஒரு கை எழுந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, பாதி உயரத்துக்கு.

"அந்த ஒருத்தர் நான்தான்" என்றார் சாது. முகம் வெளிறியிருந்தது. "காலையிலதான் புது லைன மாட்டினேன். எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாதுன்னு ஒரு வரி எழுதணும். வந்து எழுதிக்கலாம்னு ஓடி வந்துட்டேன். அண்ணிக்கு ஓட்டு போட நேரமாச்சேன்னு."

மேனேஜர்தான் முதலில் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது. திரைக் கம்பியைச் சரிபார்க்க வந்து கதவோரம் நின்றிருந்த கொழுந்தன், சாது மிரண்டால் காடு கொள்ளாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், நெட் கொள்ளாது என்று இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றான். கோட்டுகூடச் சிரித்தார். அதாவது அவருடைய மீசை கொஞ்சம் அகலமாயிற்று. திரையிலிருந்து மேலதிகாரி, என்ன நடக்கிறது, யாராவது எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார், யாரும் சொல்லவில்லை.

தீர்மானத்தைக் கோட்டுவே திருத்தினார். பொட்டு திரும்பி வந்தால் முதலில் சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் சொல்ல வேண்டும். சரிசெய்ய அவகாசம் கொடுத்து, அப்படியும் சரியாகவில்லை என்றால் எல்லோருக்கும். ஊகம் எல்லாம் அண்ணியின் மேஜையோடு நிற்க வேண்டும். மாமியார் இருக்கலாம், ஊரைக் கூட்டக் கூடாது. இந்த முறை எழாத கை இல்லை. சாது இரண்டு கையையும் தூக்கினார்.

கூட்டம் கலைந்து எல்லோரும் காபிக்குப் போன பிறகு, கோட்டு கீழே அண்ணியின் மேஜைக்கு வந்தார். அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. நின்றபடியே, தன் கம்பெனி எந்தப் படியில் இருப்பதாக மாமியார் ஊகித்து வைத்திருக்கிறது, பார்க்கலாமா என்று கேட்டார். அண்ணி கூச்சத்தோடு திரையைத் திருப்பிக் காட்டினாள். மாடிப்படி மாதிரி வரைந்திருந்த படத்தில் கம்பெனிகள் ஏறியும் இறங்கியும் நின்றன. அவர் வெகுநேரம் பார்த்தார். இது எப்படித் தெரியும் என்று ஓரிடத்தில் வியந்தார். இன்னோரிடத்தில் பெருமூச்சு விட்டார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "இதுவும் இதுவும் தப்பு" என்று இரண்டு கோடுகளைக் காட்டி, சரியானது எது என்று அவள் காதருகில் குனிந்து சொன்னார். எந்தக் கம்பெனியும் வாய் திறந்து சொல்லாத விஷயம். அண்ணி கேட்டுக்கொண்டாள். இரண்டு கோடுகளையும் தன் படத்தில் திருத்தினாள். நன்றி சார் என்றாள். அவர் போன பிறகு அந்த இரண்டு கோடுகளையும் மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொழுந்தன் தூரத்திலிருந்து அத்தனையும் பார்த்திருந்தான். வண்டி நிறுத்தத்துக்கு வரும் வரை பொறுத்தான். சாவியைப் போட்டுவிட்டு, கிளப்பாமல் திரும்பினான்.

"கோட்டு என்ன அண்ணி சொன்னாரு?"

"ஒண்ணும் இல்லப்பா."

"காதுல வந்து ஒண்ணும் இல்லன்னா சொன்னாரு? நான் யாருகிட்ட சொல்லப் போறேன்? நம்ம வீட்டுக்குள்ளதானே."

அண்ணி பின் இருக்கையில் ஏறி, புடவை முந்தானையைச் சக்கரத்தில் மாட்டாமல் இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வண்டிய எடுப்பா. அத்தை காத்துக்கிட்டிருப்பாங்க, என்ன ஆச்சுன்னு."

"அம்மாகிட்டயாவது சொல்லுவீங்களா?"

"மாமியார் பொழச்சுட்டாங்கன்னு சொல்லுவேன்" என்றாள் அண்ணி. வழி முழுக்க அவன் கேட்டுக்கொண்டே வந்தான்.